வைத்தியர் கேட்ட கேள்வி

தோல் வைத்தியர் என் மனைவியிடம் கேட்ட ஒரு கேள்வியை நான் அவளிடம் சேர்ப்பிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியை நானே உண்டாக்கிக் கேட்டேன். அவள் சொல்லாத ஒரு பதிலை வைத்தியரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் செய்த பிழைகளில் இதுதான் எனக்கு இன்னும் நித்திரையைக் கெடுக்கிறது.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்களுடைய ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளன் என்றால் நான்தான். ஊரில் பட்டம் பெற்றவன். ஜெர்மன் மொழியை இலக்கணத்தோடு படித்தவன். வெளிநாட்டவர் அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ குடும்பங்களோடு போயிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

மனைவிக்கு முடி கொட்டத் தொடங்கியது ஓர் இலையுதிர்காலத்தில். குளியலறை வடிகாலில் கிடந்தது. தலையணையில், என் குளிர்கோட்டின் கழுத்துப்பட்டியில், சோற்றில்கூட ஒருமுறை. வகிட்டில் அவள் வைக்கும் குங்குமம் முன்பெல்லாம் முடிகளுக்கிடையில் ஒடுங்கி நிற்கும். இப்போது வெறும் தோலில் பரவியது. கொட்டிய முடியை அவள் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து குப்பைக்குள் ஆழமாகத் தள்ளுவாள். அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டால் நானும் அதையே செய்வேன். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே முடியை ஒளித்துக்கொண்டிருந்தோம்.

கோயிலில் ஒரு பெண் அவளைத் தேற்றினாள். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இஞ்சத்தைத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. என்ரை மனுசன்ரை தலையைப் பாருங்கோ, ஃபுட்போல் கிரவுண்ட் மாதிரி!"

அந்த மனிதர் தலையைத் தடவிக்கொண்டு, "அது தண்ணியாலை இல்லையப்பா, உன்னாலை" என்றார். எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குப் பயம் இருந்தது. அவளுடைய தமக்கைக்குப் புற்றுநோய் வந்தபோது முதலில் முடிதான் போனது. அது மருந்தினால் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் நம்பவில்லை. நான்தான் வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்து டெர்மின் எடுத்தேன்.

வைத்தியர் நடுவயதுப் பெண். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கதிரையை மனைவிக்குக் கிட்டே இழுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். என்னைப் பார்க்கவில்லை, ஜெர்மன் விளங்காத அவளைப் பார்த்தே பேசினார். இரத்தத்தில் குறையில்லை, பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. பெரிய மன அதிர்ச்சிக்குச் சில மாதங்களுக்குப் பிறகு இப்படிக் கொட்டுவதுண்டு, பெரும்பாலும் திரும்பி வளரும். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் கேட்கிறேன். இந்த ஒரு வருடத்தில் உங்கள் மனத்தை உடைத்தது ஏதாவது நடந்ததா? யாரையாவது இழந்தீர்களா?

நடந்தது. ஆஹென் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகள், தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அந்த வசந்தத்தில் வந்து சொன்னாள். தமிழ்ப் பொடியன், நல்ல படிப்பு. நான் அவனுடைய தகப்பனின் ஊரைக் கேட்டேன். ஊரின் எந்தப் பக்கம் என்றும் கேட்டேன். சாதி என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. மேடைகளில் அதற்கு எதிராகப் பேசியவன் அல்லவா? அவர்கள் பதிவுத் திருமணம் செய்த அன்று, இனி இந்த வீட்டிலிருந்து அவளுக்குத் தொலைபேசி போகக்கூடாது என்றேன். மனைவி கீழ்ப்படிந்தாள்.

வைத்தியர் காத்திருந்தார். நான் மனைவியைப் பார்த்து, "எண்ணெய் ஏதும் மாத்தினனீரோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அவள் சற்றுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். "இல்லை" என்றாள்.

"இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார்" என்று வைத்தியரிடம் ஜெர்மன் மொழியில் சொன்னேன். பிசகில்லாத வாக்கியம்.

வெளியே வந்ததும் அவள், "என்னவாம்?" என்றாள்.

"சத்துக் குறைவாம். தண்ணியும் காரணமாயிருக்கலாமாம்."

அந்த வாரமே குளியலறைக் குழாய்க்கு வடிகட்டி வாங்கிப் பூட்டினேன்.

வருடங்கள் போயின. எங்கள் நிலையத்திலிருந்து ஆஹெனுக்கு நேரே ஒரு ரயில் போகிறது, மாறவே தேவையில்லை. பலகையில் அந்த ஊர்ப்பெயரைக் காணும்போதெல்லாம் மனைவி கைப்பைக்குள் எதையோ தேடுவாள். முடி கொட்டுவது நிற்கவில்லை. அவள் அதைப் பற்றிக் கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். வெறுமையான அறையில் யாரோ நடந்துபோனதுபோல, துடைத்த தரையில் மறுபடியும் ஒரு முடி கிடக்கும்.

ஓய்வு பெற்றபின் வீடு கூட்டுவது என் வேலையாயிற்று. ஒருநாள் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் உருளை இறுகி நின்றுவிட்டது. கத்தரிக்கோலால் சுற்றியிருந்த முடியை வெட்டினேன். மேலே முழுக்க நரை. உள்ளே போகப் போகக் கறுப்பு. அச்சோடு ஒட்டியிருந்த கடைசிச் சுற்றில் நீளமான ஒரு முடி வந்தது, நுனியில் செம்புநிறச் சாயத்தோடு. பள்ளிக் காலத்தில் மகள் பூசிய சாயம். அதற்காகவும் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அதைக் கையில் பிடித்தபடி குசினிக்குப் போனேன். மனைவி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் உண்மையில் கேட்டதைச் சொன்னேன். முழுவதையும், ஒரு சொல் விடாமல்.

அவள் கை நிற்கவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "அந்த மனுசி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. என்ன எண்ணெய் எண்டு கேக்கிறதுக்கு ஆரும் கையைப் பிடிப்பினமே?"

அடுத்த காயை எடுத்து முறித்தாள்.

"வெளியிலை வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். பஸ்ஸிலை சொல்லுவியள் எண்டு பாத்தன். பிறகு நீங்கள் வடிகட்டியைக் காவிக்கொண்டு வந்தியள்."

அன்று பின்னேரம் மகளுக்கு அழைத்தேன். என் குரலைக் கேட்டதும், "அம்மாவுக்கு என்ன?" என்று பதறினாள்.

"அம்மாவுக்குத் தலைமயிர் கொட்டுது."

"அதுக்கே எடுத்தனீங்கள்?"

"ஓம். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும். மொழிபெயர்க்க ஆள் வேணும்."

"ஊருக்கெல்லாம் நீங்கள்தானே மொழிபெயர்க்கிறனீங்கள்?"

"எனக்கு ஏலாது, பிள்ளை" என்றேன். பிறகு ஏன் ஏலாது என்பதையும் சொன்னேன்.

அவள் வந்தாள், அந்த மாறத் தேவையில்லாத ரயிலில். நிலையத்தில் தாயைக் கட்டிப்பிடித்தபோது அவள் கை முதலில் போனது அம்மாவின் தலைக்குத்தான். எனக்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான். அதே வைத்தியர், அவருக்கும் நரைத்திருந்தது. அவர்கள் உள்ளே போனார்கள், நான் காத்திருப்பு அறையில் இருந்தேன். கதவுக்கு அப்பால் சொற்கள் விளங்கவில்லை. மனைவியின் குரல் மட்டும் கேட்டது. இவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டதேயில்லை. இடையில் அவள் நிறுத்த, மகளின் குரல் ஜெர்மனில் தொடங்கும், பாதியில் உடையும், மறுபடி தொடங்கும்.

வெளியே வந்தபோது இருவரின் கண்களும் சிவந்திருந்தன. "அம்மா என்ன சொன்னவ?" என்று மகளிடம் கேட்டேன்.

"அது அம்மான்ரை பதில், அப்பா" என்றாள்.

மருமகனிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, அங்கிள்" என்றான். இன்றைக்கும் அங்கிள்தான்.

முடி கொஞ்சம் வந்தது, நெற்றியோரத்தில் மெல்லிய வெள்ளைப் பூனைமயிராக. வகிடு மூடவில்லை. இவ்வளவு காலம் கடந்தபின் எது மனத்தால் போனது, எது வயதால் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாராம் வைத்தியர். மகள் அதை மட்டும் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

இப்போது மனைவி மகள் வீட்டுக்குத் தனியே போய் நாட்கணக்கில் தங்கி வருகிறாள். அவள் இல்லாத நாட்களிலும் வீட்டைக் கூட்டுகிறேன். கட்டிலுக்கடியில், கதிரைக்காலில், எங்கிருந்தாவது அவளுடைய முடி ஒன்று வருகிறது. குனிந்து எடுக்கும்போதெல்லாம், அந்த அறைக்குள் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் திரும்பி வந்ததும் கேட்கலாம். இதுவரை கேட்கவில்லை.