மங்களாம்பிகைக்குப் போன லோடு

தினமும் காலையில் பட்டறையின் போர்வெல் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் கனகா கலவை மெஷினைப் போடச் சொல்வாள். பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். பத்து வயதிலிருந்து கருவாட்டுக்கு உப்புப் போட்ட கை; துளி உப்பு ஏறினாலும் நாக்கு சொல்லிவிடும்.

"நம்மளுக்கெல்லாம் டீ கெடையாது. அக்காவுக்கு மட்டும் பாய் போர்த் தண்ணி குடுக்கிறாரு" என்று சிரிப்பாள் மங்களாம்பிகை. நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய, இந்தக் கல் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

பட்டறை பக்கீர் முகம்மதுவுடையது. துபாயில் பதினோரு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரியிலும், அரிசி ஆலையின் உமிச்சாம்பல் சாக்கிலும் வந்து இறங்கும். சிமெண்டும் நுரையும் சேர்த்து அச்சில் ஊற்றி, நாள் கணக்கில் தண்ணீர் காட்டினால் கல். பெரிய கல்லைக்கூட ஒரு பெண் அலுங்காமல் தூக்கிவிடலாம். ஊர் ஊராகக் கொட்டிக் கிடந்த குப்பை வீடாகிறதே என்று அவருக்குப் பெருமை.

2012 ஜூனில் மேட்டூர் அணை திறக்கவில்லை. சுற்றிலும் உப்புத் தண்ணீர் தேக்கிய இறால் பண்ணைகள். ஆனி மாதம் ஒரு காலை கனகா தண்ணீரைத் துப்பினாள்.

"கரிக்குது பாய்."

"மழை பெஞ்சா சரியாப் போயிடும்."

"செவுரு பொரிஞ்சு போயிடும் பாய். நிறுத்துங்க."

"எப்படிங்க நிறுத்துறது? வெளிநாட்டுலேந்து லீவுல வந்தவனெல்லாம் வாசல்ல நிக்கிறான். திரும்பிப் போறதுக்குள்ள வீட்ட எழுப்பணுங்கிறான்."

மெஷின் ஓடியது.

அடுத்த மாதம் ஒரே வாரத்தில் இரண்டு லோடு போக வேண்டியிருந்தது. ஒன்று கனகாவின் மகள் மலர்கொடிக்கு. அவள் புருஷன் கத்தாரில் இருந்தான். இன்னொன்று, அரசாங்கத் திட்டத்தில் ஒற்றை அறை வீடு கட்டிக்கொண்டிருந்த மங்களாம்பிகைக்கு. எந்த அடுக்கு எப்போது ஊற்றியது என்பது தண்ணீர் காட்டிய கனகாவுக்குத்தான் தெரியும். தண்ணீர் கரிப்பதற்கு முன், வைகாசியில் ஊற்றியதை மகள் லோடுக்குக் கை காட்டினாள். ஆனியில் ஊற்றியதை மங்களாம்பிகைக்குப் போகும் லாரியில் ஏற்றச் சொன்னாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மங்களாம்பிகை லாரிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

பூசிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று கனகா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசியில் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்தது. மங்களாம்பிகை துடைப்பத்தால் தட்டிவிட்டாள். மறுபடி பூத்தது. பூச்சு அப்பளம் மாதிரி உப்பி விழுந்தது. உள்ளே கல் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. "கொத்தனார் ஏமாத்திட்டான்க்கா" என்று பட்டறையில் சொன்னாள். கனகா கேட்டுக்கொண்டே அச்சுக்கு எண்ணெய் தடவினாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம், முழங்கால் தண்ணீரில் நடந்து கனகா அந்த வீட்டுக்குப் போனாள். மங்களாம்பிகையின் இரண்டு பிள்ளைகளும் வாசற்பக்கச் சுவரில் சாய்ந்து சோறு தின்றுகொண்டிருந்தன. சுவர் ஒரு முழ உயரத்துக்கு நனைந்து கறுத்திருந்தது.

"புள்ளைங்கள எழுப்பு மங்களா. செவுரு நிக்காது."

"என்னக்கா, பயமுறுத்துறீங்க? பாய் வீடே இந்தக் கல்லுதானே? மலரு வீடும் நல்லாத்தானே இருக்கு?"

"அது வேற அடுக்கு."

மங்களாம்பிகையின் சிரிப்பு நின்றது. "வேற அடுக்குன்னா?"

கனகா சொன்னாள். தண்ணீர் கரித்ததை, எந்த அடுக்கு யாருக்கு என்று தானே கை காட்டியதை. மழைச் சத்தத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மங்களாம்பிகை சோற்றுத் தட்டுகளை வாங்கி வைத்தாள். சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பெரியவன் தலையில் சாக்கைக் கவிழ்த்தாள்.

"மலரு வீட்டுக்கு வந்துடு. எடம் இருக்கு" என்றாள் கனகா.

"அங்க நீங்களே இருங்க. ஒங்க மகளுக்குன்னு பாத்து எடுத்த கல்லு."

புயல் காப்பகம் இருக்கும் திசையில், பிள்ளைகளோடு அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கனகாவும் வெளியே வந்தாள். அவள் தெரு திரும்புவதற்குள் பின்னால் சுவர் சரியும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. லேசான கல்தானே.