பெயர் இல்லாத நிலப்படம்

துர்காவைச் சாது என்று நினைப்பவர்கள் அவளோடு வேலை செய்யாதவர்கள். நான் செய்தேன். திருத்தணியிலிருந்து ஒரே ரயிலில் சென்னைக்குப் போய், ஒரே ஆராய்ச்சி மையத்தில் உட்கார்ந்தோம். மழை, வெயில், மண் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, எந்த ஊர் நிலம் எப்போது காயும் என்று கணக்கிடுவது எங்கள் பிழைப்பு.

திருத்தணி வட்டாரத்தின் நிலப்படத்தை அவள்தான் செய்தாள். எங்கே கரும்பு, எங்கே கல்லாங்குத்து, எந்த ஏரி வெறும் முள்ளுக்காடு என்று வெயிலில் அலைந்து சரிபார்த்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தாள். ஒரு கட்டத்துக்குள் ஓர் ஏரிதான் அடங்கும். அந்தப் படம் அவளுக்குப் பிள்ளை மாதிரி.

அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவன் பூபாலன். எங்கள் மேலதிகாரி, அவளுடைய அத்தை மகன். ஆபீஸில் சார் என்பாள், வீட்டில் பாவா.

"என் பேரு எங்க பாவா?" என்று நேராகப் போய்க் கேட்டாள்.

"ஒரே வூட்டுக்குள்ள உன் பேரு இன்னா, என் பேரு இன்னா. வுடு துர்கா," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை. நானும்தான். சொந்தக்காரன் திருடினால் அதற்குப் பெயர் உரிமையாம்.

பழிவாங்கும் வழியை அவனே கொடுத்தான். மழை விவரம் தாலுகா அளவுக்குப் பெரிய கட்டங்களில்தான் வருகிறது. சின்னக் கட்டங்களோடு சேர்க்க வேண்டுமென்றால், மேடு பள்ளம் பார்த்து மழையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பூபாலனுக்கு அவசரம். பெரிய கட்டத்தை அப்படியே துண்டு போட்டு, எல்லாத் துண்டுக்கும் ஒரே மழையை எழுதிவிட்டான். நகரி மலையில் கொட்டிய மழை, காய்ந்து கிடக்கும் எங்கள் கழனியிலும் கொட்டியது, கணினிக்குள்.

துர்கா கண்டுபிடித்துவிட்டாள். "சொல்ட்டியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மேடை ஏறட்டும்."

எந்த ஏரியை முதலில் தூர்வாருவது என்று முடிவு செய்ய அதிகாரிகளும் விவசாயிகளும் திருத்தணியில் கூடினார்கள். பூபாலன் திரையில் படத்தைக் காட்டினான். எல்லா ஊரிலும் நல்ல மழை என்று எங்கும் ஒரே பச்சை. துர்கா எழுந்தாள்.

"மலைக்கு அந்தாண்டயும் இந்தாண்டயும் ஒரே மழைதான் பேயுதா பாவா?"

பாவா என்றதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. கேள்வி புரிந்ததும் மண்டபமே சிரித்தது. "மழையே தப்புன்னா நிலப்படத்த எப்படி நம்பறது? இத எப்படி செஞ்சீங்க, சொல்லுங்க," என்றார் ஓர் அதிகாரி. அவனுக்கு எப்படித் தெரியும்? துர்கா செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படமாவது பிழைத்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை, அவனுக்கு வியர்த்துக் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மொத்தத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள், அவள் படத்தையும் சேர்த்து.

அவளோடு வீட்டுக்குப் போனேன். சோறு போட்டபடி அவள் அம்மா மணியம்மை கேட்டாள், "ஜெயிச்சியாடி?"

துர்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லமா. அவரு தோத்துட்டாரு."