மூன்றடிக் குழி

குழிக்காரர் கடப்பாரையை ஒரு குத்து குத்தினால் போதும். அடியில் இருப்பது செம்மண்ணா, இடித்த கட்டடக் குப்பையா என்று கை சொல்லிவிடும். நகராட்சிக்காக இருபத்திரண்டு வருடம் மரக்குழி தோண்டிய கை அது.

கடைத்தெருவில் மரம் வைக்க வந்த அன்று வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், ரெண்டடிக்குக் கீழே சாக்கடை கான்கிரீட். மேலே கரண்டு கம்பி. புங்கன் வைங்க, அடக்கமா நிக்கும். தூங்குமூஞ்சி வேணாம், வேர் இறங்காது, காத்துல சாஞ்சிரும்."

சூப்பர்வைசர் சிரித்தார். "தோண்டுறதுதான்யா உன் வேலை. என்ன மரம்னு சொல்றது என் வேலை."

ஆறாம் வருடம் மழைக்காற்றில் அந்தத் தூங்குமூஞ்சி, பெரிய அதிகாரியின் கார்மேல் மல்லாந்தது. மூன்றடிக் குழியை இரண்டடியோடு விட்டதுதான் காரணம் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்தார். கான்கிரீட், கான்கிரீட் என்று குழிக்காரர் கத்தியதை எவனும் காதில் வாங்கவில்லை. வேலை போனது.

"விடுங்க, அவன் நல்லா இருக்க மாட்டான்" என்றாள் மனைவி.

"அது தானா நடக்காதுடி."

வீட்டுத் தோட்டங்களில் கூலிக்குத் தோண்டிக்கொண்டே காத்திருந்தார். ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் புது வீடு கட்டிவிட்டு ஒருநாள் ஆள் அனுப்பினார்.

"பழசையெல்லாம் மறந்துடுய்யா. இப்ப எல்லாரும் நாட்டு மரம்தான் வைக்கிறாங்க. அரசங்கன்னு வாங்கியிருக்கேன், இங்க வை."

காட்டிய இடம் மதிலுக்கும் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, நாலடி அகலச் சந்து. அரசமரம் நாட்டு மரம்தான், நல்ல மரம்தான். ஏரிக்கரையில் நிற்க வேண்டியது. இங்கே வைத்தால் ஈரத்தைத் தேடிச் சுவரைப் பிளந்துவிடும். நாக்கு நுனிவரை வந்ததைக் குழிக்காரர் விழுங்கினார்.

மூன்றடி தோண்டி, டேப்பை நீட்டினார். "நீங்களே அளந்து பாருங்க சார். மரம், இடம், ஆழம் மூணையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இது என்ன ஆபீஸா?"

"பட்டவன் சார்."

எந்தக் கன்றுக்கும் அவர் அவ்வளவு தொழுஉரம் போட்டதில்லை. கூப்பிடாமலே போய் ஒரு வருடம் தண்ணீர் ஊற்றினார்.

ஏழாம் வருடம் போன் வந்தது. தொட்டி வெடித்து, மதில் தெருப்பக்கம் சாய்ந்துவிட்டதாம்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"என்ன மரம்னு சொல்றது உங்க வேலை சார். குழி மூணடி, தாள் பத்திரமா இருக்கு."

எதிர்முனையில் குரல் இறங்கியது. "வேரைத் தோண்டி எடுக்க வர்றியா?"

"வர்றேன் சார். எத்தனை அடின்னு எழுதி வைங்க."