ஏரியின் மேல் நான் எழுதிய பழி

சென்ற வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆழ்குழாய் போட்டார்கள். துளையிலிருந்து வந்த சாம்பல் நிறச் சேற்றுக் குழம்பு தெருவில் வழிந்து என் செருப்பை நனைத்தது. ஈரக் களிமண்ணும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். நான் குனிந்து, குழம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர், “எதுனா தொலைஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டார்.

அந்த வாசனைதான் என் முதல் உத்தியோகத்தின் வாசனை. பழவேற்காட்டில் ஊர்க் கழிவுநீர் ஏரியில் விழாமல், அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக உப்பங்கழியின் குறுக்கே ஒரு குழாய்ப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்களுக்காகத் தரையைத் துளைக்கும்போது இதே குழம்பு வரும். அது கழியில் கலக்காமல் கண்காணிப்பது என் பொறுப்பு.

என் ஒழுங்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். தினமும் சரியாகப் பத்து மணிக்குப் படகில் போவேன். பாலத்துக்கு ஏரிப் பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், ஒரு குப்பி நீர், ‘மேல்’ என்று சீட்டு. நீர் போகும் கடல் பக்கம் ஒரு குப்பி, ‘கீழ்’ என்று சீட்டு. மேலே இருப்பதைவிடக் கீழே அதிகம் கலங்கியிருந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. குழம்பைத் தடுக்க, மஞ்சள் மிதவைகள் கட்டிய கனத்த துணித்திரை ஒன்றையும் கடல் பக்கம் தொங்கவிட்டிருந்தோம்.

பல நாள் ‘மேல்’ குப்பிதான் அதிகம் கலங்கியிருந்தது. பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘ஏரியிலிருந்தே கலங்கல் வருகிறது. பணியால் பாதிப்பு இல்லை.’

மதியச் சாப்பாடு டச்சுக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம். உள்ளே ஒரு கல்லில் அவர்களுடைய பழைய கோட்டையையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசிப்பேன்: இந்த ஆழமில்லாத தண்ணீரில் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போவது என்று அவர்கள் யாரைக் கேட்டிருப்பார்கள்? நான் யாரையும் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

பாலத்துக்கு ஏரிப் பக்கத்தில் எல்லம்மாவும் அவளுடைய நாத்தனார் செல்வியும் இறால் தடவுவார்கள். கழுத்தளவு நீரில் குந்தி நகர்ந்தபடி, சேற்றில் பதுங்கிய இறாலைக் கையால் துழாவிப் பிடிப்பது. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அதனால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. நான் குப்பியை முக்கும்போது எல்லம்மா ஏரியை நோக்கி மோவாயை இரண்டு முறை வெட்டுவாள். நானும் மரியாதையாகத் தலையசைப்பேன். ‘பெண்கள் இன்றும் வணக்கம் சொன்னார்கள்’ என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது, ஐந்து இடங்களில்.

மூன்றாவது வாரம் அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் படகைப் பிடித்தாள்.

“இன்னா சார், நானும் தினம் சொல்றேன், நீயும் தினம் தலைய ஆட்டிக்கினு போற?”

“என்ன சொன்னீங்க?”

“தண்ணி மேல ஏறுதுன்னு. கடல் ஏறுனா தண்ணி ஏரிக்குத்தான் போவும். உன் சேறெல்லாம் எங்க மேலதான் வருது. நீ திரைய அந்தாண்ட கட்டி வச்சிகிற.”

செல்வியும் கயிற்றை எடுத்தாள். “அந்தத் திரையில படம் எப்ப சார் போடுவீங்கன்னு நானும் பாத்துக்கினுகிறேன்.”

எல்லம்மா சிரிக்கவில்லை. கைகளை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் வெந்ததுபோல் தோலுரிந்திருந்தன. “அடியில சேறு சிமிட்டி மாரி படிஞ்சிகிது. எறா எப்பிடிப் பதுங்கும்? நாலு நாளா பறி காலி. இந்த எடத்த உட்டா எங்களுக்கு வேற எடம் இல்ல சார்.”

ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளி நீரில் போட்டேன். அது நிதானமாக ஏரியை நோக்கிப் போனது. மறுநாள் கடலின் ஏற்றமும் வற்றமும் பார்த்து, ஒரே நாளில் நான்கு முறை நீர் எடுத்தேன். ஏற்ற நேரத்தில் எல்லாம் ‘மேல்’ என்பதுதான் கீழ். நான் குற்றம் சாட்டிய ஏரி எங்கள் சேற்றைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே என் பதிவேட்டை வைத்து மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். அப்படியே போனால், பிறகு அவள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. மூன்று வாரப் பக்கங்களைச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, பாலத்து வேலையைப் பார்த்த இன்ஜினியரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“ஏன்யா, மூணு வாரமா ஏரியையா திட்டிக்கிட்டிருந்தோம்?”

“நான்தான் சார் திட்டினேன்.”

“மெஷின நிறுத்தச் சொல்லு. கையெழுத்து நான் போடுறேன்.”

ஏரிப் பக்கமும் திரை வந்தது. குழம்பைக் கரையில் குழிவெட்டித் தேக்கி, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். துளைக்கத் தொடங்குமுன் எல்லம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாயிற்று. மழைக்காலம் அந்தச் சேற்றை அரித்துக்கொண்டு போன பிறகு, ஒருநாள் பறியைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு கைப்பிடி இறால் துள்ளியது. “இன்னிக்கு இதான். வரும்,” என்றாள். வந்தது.

ஆழ்குழாய் போட்ட மறுநாள், இத்தனை வருடம் கழித்து, பொன்னேரி ரயில் பிடித்துப் பழவேற்காடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாலம் உறுதியாக நிற்கிறது, குழாயில் ஒரு சொட்டுக் கசிவில்லை. கழி கடலில் சேரும் வாயை மணல் மூடி, கழியில் முழங்காலளவு தண்ணீர்தான் இருக்கிறது. ஏற்றம் உள்ளே வருவதில்லையாம், இறாலும் இல்லையாம். எல்லம்மா காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுவதாகக் கரையில் வலை காயவைத்தவர் சொன்னார். பாலத்தடியில் நீர் நான் பார்த்ததிலேயே மிகத் தெளிவாக இருந்தது. தரை வரை தெரிந்தது. சேறு வழவழவென்று, ஒரு விரல் துழாவிய தடம்கூட இல்லாமல் கிடந்தது.