பாவு நனைந்த காலை

கள்ளுக்கடைகளைச் சர்க்கார் மூடியபோது, நான் திருந்திவிட்டேன் என்று ஊரே பாராட்டியது. ஒரு மண்ணும் இல்லை. கடை இல்லை, குடிக்கவில்லை, அவ்வளவுதான். குடியோடு மற்றதும் போய்விட்டது. கறிச்சோறு வைக்கோல் போல இருந்தது. பெற்ற மகள் மடியில் ஏறினால் பாரமாகத்தான் தெரிந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை, அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டிருந்தோம். திடீரென்று மழை கொட்டியது. வருஷக்கணக்கில் ஏமாற்றிய மழை. தெருக்கோடியில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் கூத்தாடினார்கள். நெசவுக்காரர்கள் நூல் பாழாகிறதே என்று மழையைத் திட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் இரண்டும் செய்யாமல் நின்றேன்.

"ஏலே, என்ன மரமா நிக்கிற! பாவைச் சுருட்டுலே!" என்று அடுத்த வீட்டுக்காரன் கத்தினான்.

என் மனைவிதான் தனியாகச் சுருட்டினாள். பிறகு சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றாள்.

"திருச்சுழிப் பக்கம் திருட்டுத்தனமாச் சாராயம் காய்ச்சுறாகளாம். வாங்கியாரச் சொல்லவா?"

போதையில் நான் அடித்ததில் ஒரு பல்லை இழந்தவள் கேட்கிறாள்.

"மறுபடி அடி வாங்கணுமாடி ஒனக்கு?" என்று கத்தினேன்.

"அப்ப அடிக்கவாவது ஒரு ஆளு வீட்டுல இருந்தீக. இப்ப யாரு இருக்கா?"

அப்போதுதான் கவனித்தேன், நான் கத்தியிருந்தேன். கடை மூடியபின் எனக்கு வந்த முதல் கோபம் அது. சந்தோஷம் இன்றுவரை வரவில்லை. குடிக்காமல்தான் இருக்கிறேன். அதில் ஒரு சுகமும் இல்லை. அவளுக்கு இன்னொரு பல் போகக் கூடாது, அதற்காக இருக்கிறேன்.