என் தோலிலிருந்து எடுத்த துண்டுகள்

முதலில் அது ஒரு வெளிறல் மட்டுமே. இடது தொடையின் பக்கவாட்டில், ஒரு வெற்றிலை அளவில், சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் நிறம் குறைந்து கிடந்தது. அரிக்கவில்லை, நோகவில்லை. விரலால் தடவினால் எந்த வித்தியாசமும் இல்லை. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் அது. வெயில் படாத தோல் இந்த நாட்டில் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பில் இப்படி ஒன்றைக் கண்டு, யாருக்கும் காட்டாமல் உடுப்புக்குள் வைத்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. என்னிடம் ஆறுதல் அதிகம் இல்லை. எனக்கு வீணாய்ப் போன காலத்தில் கொஞ்சமாவது உங்களுக்கு மிஞ்சினால் போதும்.

அப்போது நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் கணவரின் அக்கா வீட்டில் இருந்தோம். மேல்தளத்தில் நான் மச்சாள் என்று கூப்பிடும் அந்த அக்கா, அவருடைய கணவர், படிப்பு முடிக்கும் நிலையிலிருந்த அவர்களின் மகள். கீழ்த்தளத்தில் நான், என் கணவர், எங்கள் சின்ன மகள். சமையலறையும் உடுப்புத் தோய்க்கும் மெசினும் பொது. அகதிகளாக வந்திறங்கிய எங்களுக்கு இடம் தந்தவர் மச்சாள். அதை நான் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை.

குடும்ப டொக்டர் எங்கள் ஆள். தேமல் என்றார், பூஞ்சணத்துக்கு ஒரு கிறீம் தந்தார். அது கேட்கவில்லை. பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்றதும், அப்படியானால் அலர்ஜி என்று மாற்றிச் சொன்னார். அடுத்தது ஸ்டீரொயிட் கிறீம் (வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் மருந்து). பூசினால் ஓரங்கள் மங்கும். நிறுத்தினால் திரும்பி வரும், கூடவே இன்னொன்றும் வரும். இடுப்பு, வயிறு, மார்புக்குக் கீழே, பிறகு முதுகு.

இரண்டு வருடங்களுக்கு மேல் இப்படிப் போனது. அந்தக் காலம் முழுவதும் அவர் ஒரு தடவையாவது என் தோலை முழுதாகப் பார்க்கவில்லை. நான் விலக்கிக் காட்டிய இடத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்துவிட்டு எழுதத் தொடங்கிவிடுவார். அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். மரியாதையான இரண்டு பேர் நடுவே நோய் தன்பாட்டில் வளர்ந்தது.

பெரியபிள்ளையான உறவுக்காரச் சிறுமி ஒருத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் புறப்பட்ட நாளில் அது வெளியே வந்தது. சேலைத் தலைப்பைப் பின்னால் ஊசியால் குத்திவிட வந்த மச்சாளின் கை என் முதுகில் வெளிறிய இடத்தில் பட்டு, உடனே விலகியது. சடங்கு முடியும்வரை அவர் பொறுத்திருந்தார். வீடு திரும்பியதும் சமையலறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சாந்தி, உது எவ்வளவு காலமா இருக்கு?"

"இரண்டு வருசம் இருக்கும் மச்சாள். அலர்ஜி எண்டு டொக்டர் சொன்னவர்."

"உது அலர்ஜி மாதிரித் தெரியேல்லை. ஊரிலை நான் உப்பிடிக் கண்டிருக்கிறன்."

எதைக் கண்டார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாத அந்தச் சொல் அன்றிலிருந்து வீட்டில் எங்களுடன் குடியிருந்தது. குட்டம் (தொழுநோய்).

என் கோப்பையும் தட்டும் பொது அலுமாரியிலிருந்து தனியாக ஒரு மூலைக்குப் போயின. நான் உடுப்புத் தோய்த்து எடுத்த பிறகு மச்சாள் பிளீச் ஊற்றி மெசினை வெறுமையாக ஒரு தரம் ஓடவிட்டார். கீழே குளிர் கூட என்று சொல்லி என் மகளை மேலே தன்னோடு படுக்கவைத்தார். என் கணவரும் தன் மெத்தையை அடுத்த அறைக்கு இழுத்துப்போனார். பிள்ளைக்காகத்தான், டொக்டர் சொல்லும்வரைக்கும்தான் என்றார். பிள்ளை ஏற்கெனவே மேலே படுத்திருக்கிறது என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

நானே கேட்டு வாங்கியதால்தான் தோல் நிபுணரிடம் போக முடிந்தது. நகர மையத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி. அந்த வெள்ளைக்கார டொக்டர் பிரகாசமான விளக்கின் கீழ் என்னை நிறுத்தி, தாதி பக்கத்தில் நிற்க, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். கண்ணை மூடச் சொல்லி, வெளிறிய இடங்களைப் பஞ்சால் தொட்டார், பிறகு ஊசி முனையால். ஒவ்வொரு தொடுகையையும் சரியாகச் சொன்னேன். குட்டமென்றால் அநேகமாக உணர்ச்சி குறைந்திருக்கும், ஆனாலும் தோலைச் சோதிக்காமல் முடிவு சொல்லமாட்டேன் என்றார். ஊசி குத்தியதை உணர்ந்ததற்காக அவ்வளவு சந்தோசப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சோதனைதான் பயொப்சி (தோலில் சிறு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது). ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பயொப்சிக்கு முன்னால் ஸ்டீரொயிட் கிறீமைச் சில வாரங்கள் நிறுத்தவேண்டி வரலாம். அது நோயின் அடையாளங்களை அழுத்தி மறைத்துவிடும். நான் ஒழுங்காக, ஒரு நாளும் தவறாமல், மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் பூசுகிற எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

செய்முறை பயப்படும்படி இல்லை. விறைப்பூசி போடும்போது எரியும். பிறகு பென்சில் தடிப்பில், முனையில் வட்ட வெட்டுள்ள கருவி ஒன்றைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். அழுத்தம் தெரியும், நோ தெரியாது. துண்டு ஒரு மருந்துப் போத்தலுக்குள் விழும். ஒரு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். கடினமானது அதற்குப் பிறகு வருகிற காத்திருப்பு.

முதல் முடிவில் குட்டத்தின் கிருமி காணப்படவில்லை; வேறு எதையும் உறுதியாகச் சொல்லவும் போதவில்லை. இன்னொரு இடத்தில் எடுக்கவேண்டும் என்றார்கள். அதை மச்சாளிடம் சொன்னேன்.

"காணேல்லை எண்டால் இல்லை எண்டோ?" என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் அவருடைய மகளை இங்கிலாந்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மச்சாள் நேரே கேட்கவில்லை. என் கணவர் கீழே வந்து, அன்றைக்கு நான் எங்கேயாவது வெளியே போய் இருந்தால் நல்லது என்று, கதவுப் பிடியைப் பார்த்தபடி சொன்னார். பஸ் எடுத்து ஒரு மோலுக்குப் போய், கோப்பிக் கடைக்கு எதிரே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தம்பியின்ரை பிள்ளை என்று வந்தவர்களுக்குக் காட்டினார்களாம். தம்பியின் மனைவிக்கு வேலைநாள் என்று சொன்னார்களாம். திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு தட்டில் கேசரி மூடி வைத்திருந்தது. என்னுடைய தட்டில்.

இரண்டாவது துண்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்றாவதை எடுப்பதற்கு முன் ஒரு காலை, டொக்டர்கள் கூடி ஆராயும் நாளில், வரமுடியுமா என்று கேட்டார்கள். சம்மதித்தேன். கட்டிலின் ஓரத்தில், முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் என்னை இருத்தினார்கள். சிறு சிறு கூட்டமாக வந்தார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். பலர் முதுகுக்கு மட்டும் வந்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் ஒருவர்கூடப் பார்க்காத தோலை ஒரே காலையில் அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பார்த்தது.

மூன்றாவது துண்டு பதில் சொன்னது. நோயின் பெயர் மைக்கோஸிஸ் ஃபங்கோய்டிஸ் (தோலில் தங்கி மெதுவாக வளரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்). பெயரில் பூஞ்சணம் இருக்கிறதே தவிர, இதற்கும் பூஞ்சணத்துக்கும் தொடர்பில்லை என்றார் நிபுணர். வெள்ளைத் தோலில் இது சிவந்த திட்டாக வரும், புத்தகங்களில் உள்ள படங்கள் அந்தத் தோலுடையவை, உங்களைப் போன்றவர்களில் சில நேரம் வெளிறலாக வருவதால் தவறிப்போகிறது என்று விளக்கினார். மன்னிப்பும் கேட்டார், புத்தகங்களின் சார்பில்.

எதற்காக என்னை இத்தனை காலம் தள்ளி வைத்தார்களோ, அது உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். கேட்டதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துண்டுகளைப் பரிசோதிக்கும் நோயியல் டொக்டரிடம் என்னை அனுப்பினார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியின் முன் கதிரை இழுத்துப் போட்டார்.

சாயம் ஏற்றிய என் தோல் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. மேல்தோலின் அடிவரிசையில் மண்ணிறப் பொடி இருக்கவேண்டும், அதுதான் உங்கள் நிறம் என்றார். அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அந்த வரிசையை ஒட்டி, சுருங்கிய கரிய புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை இடைவெளி. கிருமியை எதிர்க்கவேண்டிய என்னுடைய வெள்ளை அணுக்களே அவை. வெளியிலிருந்து வந்த எதுவும் அங்கே இல்லை. யாருக்கும் தொற்றக்கூடிய எதுவும் இல்லை.

நிறம் ஏன் போகிறது என்பது தங்களுக்கும் சரியாகத் தெரியவில்லை என்றார் அவர். ஒப்பிட்டுப் படிக்க நோயில்லாத தோலிலும் ஒரு துண்டு தருவீர்களா என்று கேட்டார். அதனால் எனக்கு என்ன பயன் என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்றுமில்லை, பிறகு வருகிறவர்களுக்கு இருக்கலாம் என்றார். அந்த வருடங்களில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசவில்லை. கையின் உட்புறத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டில் விசயத்தைச் சொன்ன அன்று மச்சாள் அழுதார். என்னைக் கட்டிப்பிடித்தார்; இரு கைகளாலும், முதுகோடு சேர்த்து. பிறகு மேலே போய் யாருக்கோ ரெலிபோன் எடுத்தார். படிக்கட்டில் நின்ற எனக்கு அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது.

"கான்சர்தானாம். மற்றது இல்லையாம். கடவுள் காப்பாத்திப்போட்டார்."

அன்றே என் கோப்பை பொது அலுமாரிக்குத் திரும்பியது. மகள் கீழே வந்தாள். என் கணவர் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்.

"இனிப் பயமில்லைத்தானே," என்றார்.

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

அவர் மெத்தை விரிப்பை நேராக்கிக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் அல்ல. எனக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கெல்லாம் வந்தவர். ஆனால் புற்றுநோய்க்காரியின் பக்கத்தில் படுக்கத் துணிந்தவர், அதற்கு முதல் எந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுந்து போனார் என்பது எனக்கு விளங்கவேயில்லை. அவர் திரும்பி வந்த பிறகும் நான் வெகுகாலம் சுவர்ப்பக்கம் பார்த்தே படுத்தேன்.

சிகிச்சையின் பெயர் பூவா (ஒளிக்குத் தோலைக் கூச்சப்படுத்தும் மாத்திரையும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தது). மாத்திரை விழுங்கி, இரண்டு மணி நேரம் போல இருந்துவிட்டு, ஆளுயரக் குழாய் விளக்குகள் நிறைந்த பெட்டிக்குள் உடுப்பில்லாமல் நிற்கவேண்டும். வாரத்தில் சில நாட்கள், பல மாதங்கள். மாத்திரை குமட்டும். பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தியபடி வேலைக்குப் போவேன். சிகிச்சை முடியும்வரை கர்ப்பமாகக் கூடாது என்றார்கள். இரண்டாவது பிள்ளை பற்றிய பேச்சு அத்துடன் நின்றது. பிறகும் எடுக்கவில்லை.

ஐந்தாறு வாரத்தில் வெளிறல்களுக்குள் மண்ணிறப் புள்ளிகள் வந்தன, ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒன்று. புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தன. மற்ற இடமெல்லாம் முன்பைவிடக் கறுத்தது. நல்லாய்க் கறுத்துப்போனாய், கல்யாணத்துக்குள்ளை கொஞ்சம் வெளிச்சாப் பரவாயில்லை என்று மச்சாள் சொன்னார். அவருடைய மகளின் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். கான்சரோடு போராடுகிற தம்பியின் மனைவி என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிமுகம் செய்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்.

பின்பு நாங்கள் மூவரும் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு மாறினோம். என் நோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டது என்கிறார்கள். தோலைத் தாண்டவில்லை. பலர் இதனோடு முதுமைவரை வாழ்கிறார்கள். குணமாகிவிட்டது என்ற சொல்லை மட்டும் அவர்கள் பாவிப்பதில்லை, அடங்கியிருக்கிறது என்பார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். முன்பு என் உடம்பு எனக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. வேலை செய்யும், களைக்கும், படுக்கும். இப்போது ஒவ்வொரு வாரமும் அதை ஒரு வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். அடுத்த வருடம் என்று மற்றவர்கள் பேசும்போது, எனக்கு அடுத்த பரிசோதனைவரைதான் காலம் தெரிகிறது.

போன வாரம் குளித்துவிட்டுத் துடைக்கும்போது வலது விலாவில் ஒன்றைக் கண்டேன். பெருவிரல் நகமளவு. நிறம் சற்றுக் குறைவு. கதவுக்கு வெளியே என் கணவர், தேத்தண்ணி ஊற்றவோ என்று கேட்டார். ஓம், ஊற்றுங்கோ என்றேன். வியாழக்கிழமை டொக்டரிடம் போகவேண்டும். அவர் பார்ப்பார், தேவையென்றால் ஒரு துண்டு எடுப்பார். அதுவரைக்கும் அது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு போய், தேத்தண்ணியை ஆறுமுன் குடித்தேன்.