முப்பத்தெட்டு நாள் நின்ற ஏரேட்டர்

ஆடிட் பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கு ஏரேட்டர் சுவிட்சைப் போட்டவன் நான்தான். இருபத்தாறு வருடம் லேப் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா அது? இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு மரவள்ளி ஸ்டார்ச் ஆலை. கிழங்கு கழுவி அரைத்த தண்ணீர் புளித்து நாறும். அதைத் தொட்டியில் விட்டு, ஏரேட்டர் என்கிற பெரிய மோட்டாரால் காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கழிவைத் தின்கிற பாக்டீரியா உயிரோடு இருக்கும். மோட்டார் ஓட ஓடக் கரண்ட் பில்லும் ஏறும். சீசன் தொடங்கியதும் முதலாளி லேபுக்கு வந்தார்.

"இது இன்னாய்யா, மாவும் தரல, ஜவ்வரிசியும் தரல, சும்மா சுத்திக்கினே இருக்குது. நிறுத்து. பொல்யூஷன் ஆபீசர் வர்ற அன்னிக்குப் போட்டுக்கலாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. நிறுத்தினேன். லாக் புக்கில் மட்டும் தினமும் ஓடியதாக எழுதினேன்.

அந்த வருடம் வெளிநாட்டுக்கு மாவு அனுப்பும் ஒரு கம்பெனி எங்களிடம் ஆர்டர் பேசியிருந்தது. கிடைத்தால் இரண்டாவது ஷிப்ட் தொடர்ந்து ஓடும். இல்லாவிட்டால் அந்த ஷிப்டின் நாற்பது பேருக்கும் வேலை இல்லை. கழிவுநீரைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லி, ஆடிட்டுக்கு ஒரு அம்மாவை அனுப்பியிருந்தார்கள்.

சுத்திகரித்த தண்ணீர் என்று காட்ட வேண்டிய சாம்பிளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போர் தண்ணீரில் இரண்டு மூடி கழிவுநீரைக் கலந்து வைத்திருந்தேன். ரொம்பச் சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் வருமே. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்த தொட்டியைக் கலக்கினால் என்ன ஆகும் என்பதை மறந்துவிட்டேன். அடியில் அழுகிக் கிடந்த கறுப்புச் சேறு மேலே வந்தது. அழுகின முட்டை நாற்றம் கேட் வரைக்கும் போயிற்று. காரை விட்டு இறங்கும்போதே அந்த அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சாம்பிள் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. தொட்டி ஓரமாக நின்று என்னைக் கேட்டார்: "எத்தனை நாளா நிக்குதுங்க?"

"டெய்லி ஓடுதும்மா. லாக் புக் இருக்குது" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

"நான் அவரத்தான் கேட்டேன்."

முதலாளி என்னையே பார்த்தார். பக்கத்தில் சேறு கொப்பளித்துக்கொண்டே இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"முப்பத்தெட்டு நாள்ம்மா."

அவர் எழுதிக்கொண்டார். "இந்த சீசனுக்கு ஆர்டர் இல்லைங்க. அடுத்த சீசன் சொல்லாம வருவேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் முதலாளி, "நாப்பது பேர் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேய்யா" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னார்.

மறுவாரம் இரண்டாவது ஷிப்ட் நின்றது. வேலை போனவர்களில் பாப்பாத்தியும் ஒருவர். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து மலையிறங்கி வந்து கிழங்குத் தோல் உரிப்பவர். பையை எடுத்துக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார்.

"நெசத்த சொல்லிட்டீங்களாமே சார்?"

"ஆமாம்மா."

ஏதோ பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"மோட்டார நிறுத்தச் சொன்னாரே, அன்னிக்கே இந்த வாயத் தொறந்திருந்தா நாங்க வூட்டுக்குப் போவ வேண்டியதில்லையே சார்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஆர்டர் போன அடியில் முதலாளியும் மனம் மாறினார். அதன்பின் ஏரேட்டர் நிற்கவில்லை. தொட்டிக்கு வரும் முன் கழிவுநீர் தேங்குகிற குளத்துக்கு மூடி போட்டு, அங்கே புளித்து வருகிற கேஸைப் பாய்லருக்குத் திருப்பினோம். விறகு லாரி வருவதே கம்மியாகிவிட்டது. மாவும் தரல, ஜவ்வரிசியும் தரல என்று சொன்ன அதே மனிதர், வருகிறவர்களை எல்லாம் முதலில் குளத்துக்குத்தான் கூட்டிப்போனார். அடுத்த சீசனில் அந்த அம்மா சொன்னபடியே சொல்லாமல் வந்து, தொட்டியைப் பார்த்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் எடுத்தபோது பாப்பாத்திக்குச் சொல்லி அனுப்பினேன். குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

கழிவுநீர் பிளான்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நிறுத்தச் சொல்லும்போதே பேசிவிடுங்கள். நான் முப்பத்தெட்டாவது நாள் பேசினேன். அது பாப்பாத்திக்கு உதவவில்லை.